யொங்டோ மாப்பிள்ளையின் கண் எங்கே போனது?

சனிக்கிழமை காலை. எங்கள் குசினி மேசையில் சீனிப் போத்தலோடு சாய்த்து வைத்த கைபேசிக்குள் ஒரு மனிதர் இருந்தார். அவருக்குப் பின்னால் சாம்பல் நிறத் தகரச் சுவர். சுவருக்கும் பின்னால் எங்கேயோ இரும்பில் இரும்பு அடிபடும் சத்தம். ணங், ணங், ணங் என்று விடாமல்.

"தம்பி, சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். கண் இடப்பக்கம் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு என்னைப் பார்த்து, "ஓம் அண்ணை, சாப்பிட்டாச்சு! சோறும் மீனும்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

சாப்பிட்டாயா என்ற கேள்விக்கு எவனாவது பக்கத்தில் பார்த்துவிட்டுப் பதில் சொல்வானா? நீங்களே சொல்லுங்கள்.

என் மனைவி ஜெசி அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். என் தங்கச்சி ரீற்றா எனக்குப் பக்கத்தில், கமராவில் பாதி முகம் தெரியும்படி உட்கார்ந்திருந்தாள். புதுச் சட்டை போட்டிருந்தாள். தலைக்குக் கூடச் சாயம் பூசியிருந்தாள் என்று நினைக்கிறேன். அவளுடைய முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு சந்தோசம்.

கைபேசிக்குள் இருந்தவர் பெயர் அன்ரன். கொரியாவில் பூசான் என்ற பெரிய துறைமுக நகரம் இருக்கிறதே, அங்கே யொங்டோ என்ற பகுதியில் கப்பல் திருத்தும் பட்டறையில் வேலை. மன்னார்ப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம். எங்களைப் போலவே வேதக்காரர், கத்தோலிக்கர். ரீற்றாவைக் கலியாணம் முடிக்கக் கேட்டிருந்தார். அன்றைக்கு நடந்தது அவரோடு எங்கள் மூன்றாவது சந்திப்பு. மூன்று முறையும் அந்தக் கண் இடப்பக்கம் போனது.

கீறல் தேடும் தொழில்

இந்தத் தொடரை வாசித்து வருபவர்களுக்கு என் குணம் தெரிந்திருக்கும். பால் பெட்டியில் திகதியை இரண்டு தரம் பார்ப்பவன் நான். இங்கே சுவிஸில், பீல் நகரத்தில் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் எனக்குச் சோதிக்கும் வேலை. ஒரு கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு, கடிகார முகப்பில் கீறல் இருக்கிறதா என்று தேட வேண்டும். தூசு, விரல் அடையாளம், முள்ளின் நுனியில் ஒரு சின்ன வளைவு, எல்லாவற்றையும் பிடித்துவிடுவேன். கீறலே இல்லாத முகப்பு வந்தால்தான் எனக்கு நிம்மதி போய்விடும். திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

"வீட்டுக்கு வரேக்க அந்தக் கண்ணாடியைக் கழட்டி வைச்சிட்டு வாங்கோ," என்பாள் ஜெசி.

கழற்ற முடியாததற்குக் காரணம் இருக்கிறது. ரீற்றாவுக்கு முன்னரும் ஒரு மாப்பிள்ளை பார்த்தோம். பார்த்தோம் என்ன, நான்தான் பார்த்தேன். நல்ல பொடியன், பூசைக்கு ஒழுங்காகப் போகிறவன், அம்மாவுக்குப் பயந்தவன் என்று நாலு பேர் சொன்னார்கள். நம்பினேன். எழுத்து, அதாவது பதிவுக் கலியாணம், முடிந்தது. கோயில் கலியாணத்தை அவன் இங்கே வந்து விசா எடுத்த பிறகு ஆறுதலாக வைப்போம் என்றான். சரி என்றேன். விசா வந்தது. அவன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போனான். தாலி ஏறவே இல்லை.

ரீற்றா ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனாள், வந்தாள். எங்கள் கட்டடத்திலேயே மேல் மாடியில் சின்ன வீடு எடுத்தாள். வருடங்கள் போய் நாற்பத்தொரு வயதாகிவிட்டது. அவளுடைய வாழ்க்கையை நான்தான் கெடுத்தேன் என்ற எண்ணம் எனக்கு ஒரு நாளும் போனதில்லை. ஆகவே அடுத்த முறை எவன் வந்தாலும் உருப்பெருக்கியோடுதான் பார்ப்பேன் என்று முடிவெடுத்திருந்தேன்.

அந்த அடுத்தவன்தான் அன்ரன்.

எங்கள் ஆட்களின் விசாரணை

இருவரும் சந்தித்தது வாட்ஸ்அப்பில் ஒரு செபமாலைக் குழுவில். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் மன்னார், யாழ்ப்பாண ஆட்கள் அதில் தினமும் செபம் எழுதிப் போடுவார்கள். அங்கே தொடங்கி, ஒரு வருடமாக இரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள். எழுதினார்கள், கவனியுங்கள். ஒரு நாளாவது போனில் கதைத்ததில்லை.

"என்னடி, ஒரு வருசமா அந்தாளின்ர குரலைக் கேட்கேல்லையோ?" என்றேன்.

"எழுதினால் காணும்தானே அண்ணா."

"விருப்பமுள்ளவன் குரல் கேட்க ஆசைப்பட மாட்டானோ?"

அவள் கோப்பை கழுவத் தொடங்கினாள். அதுதான் எனக்கு முதல் கீறல்.

மாப்பிள்ளையை விசாரிப்பதில் எங்கள் ஆட்களுக்கு நிகர் எந்தப் பொலிசும் கிடையாது. ரொறன்ரோவில் ஒருவர், பாரிசில் ஒருவர், மன்னாரில் ஒருவர். மூன்று போன் அடித்தால் அவன் நாலாம் வகுப்பில் யாரிடம் அடி வாங்கினான் என்பது வரை தெரிந்துவிடும். அன்ரனைப் பற்றியும் அடித்தேன். நல்ல குடும்பம், குடிக்க மாட்டான், பத்து வருடமாகக் கொரியாவில், என்றார்கள். ஆனால் மன்னார்க்காரர் போனை வைக்கிற நேரத்தில் ஒன்று சொன்னார்:

"என்னெண்டு தெரியேல்லை, இப்ப கொஞ்ச வருசமா ஊர்ச் சனத்தோட அவன் கதைக்கிறதே இல்லை. தாயோட கூட வீடியோவில கையைக் காட்டிப்போட்டு வைச்சிடுவான்."

இரண்டாவது கீறல். அதற்குமேல் விசாரிக்க, பூசானில் எனக்கு ஒருவரும் இல்லை. உலகத்தில் எங்கள் ஆள் இல்லாத ஊர் ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் புதினமாக இருந்தது.

கைபேசியில் ஒரு தீவு

ஆள் இல்லையென்றால் என்ன, நானே போனேன். கைபேசி வரைபடத்தில் தெருப் படங்கள் இருக்கின்றனவே. தொழிற்சாலையில் பத்து மணித் தேநீருக்கு மற்றவர்கள் கால்பந்து கதைப்பார்கள். நான் யொங்டோவில் நடந்துகொண்டிருப்பேன்.

அது ஒரு தீவு. பாலங்கள் போட்டு நகரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பாலம் கப்பல் போவதற்காக எழும்பி நிற்குமாம். கரையோரம் முழுக்கப் பட்டறைகள். ஆள் உயரத்துக்கு நங்கூரங்கள், தெருவோரம் குவித்து வைத்த சங்கிலிகள், அடிவயிறு சிவப்பாக நிற்கும் பழைய கப்பல்கள். மேலே ஏற ஏற வீடுகள், வீடுகளுக்கு நடுவே ஏணி போல் செங்குத்தான படிக்கட்டுகள். மற்றப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி வெள்ளை வீடுகள், அவற்றில் கோப்பிக் கடைகள், குடை பிடித்துப் படம் எடுக்கும் பெட்டைகள். அந்தப் பகுதியைப் பற்றி யாரோ எழுதிய ஒரு நீண்ட பக்கத்தையும் மொழிபெயர்ப்பில் போட்டு வாசித்தேன். கப்பலில் துருத் தட்டும் சுத்தியல் சத்தத்தையே அங்கே ஒரு ஊருக்குப் பெயராக வைத்திருக்கிறார்களாம்.

சொல்லக் கூடாது, அந்த இடம் எனக்குப் பிடித்துவிட்டது. மீன் வலையும் துருவும் கண்டு வளர்ந்தவன் நான். ஆனால் பிடித்ததற்காகச் சந்தேகத்தை விடுகிறவன் அல்லன்.

இரண்டாவது சந்திப்பில் கேட்டேன்: "உம்மட அறைக்குக் கீழ என்ன கடை இருக்கு?"

கண் இடப்பக்கம் போனது. "கயிறும் சங்கிலியும் விக்கிற கடை அண்ணை!"

படத்தில் பார்த்தேன். அவர் சொன்ன இடத்தில் ஒரு கோப்பிக் கடை இருந்தது. பிடித்துவிட்டேன் என்று தொடையில் தட்டினேன். நான் நின்று பார்த்தது அடுத்த தெரு என்பது மிகவும் பிந்தித்தான் தெரிந்தது.

"இஞ்சருங்கோ, நீங்கள் என்ன அகதி விசாரணையோ நடத்துறியள்?" என்றாள் ஜெசி.

அவள் சும்மா சொல்லவில்லை.

மாமரம் எத்தனை

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பேர்ணில் என்னை விசாரித்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, இந்தப் பக்கம் நான், நடுவில் மொழிபெயர்ப்பவர். உங்கள் கோயில் வளவில் எத்தனை மாமரம் என்று கேட்டார் அதிகாரி. மூன்று என்றேன். சில மாதம் கழித்து இரண்டாவது விசாரணை. சின்ன வயதில் எங்கே விளையாடுவீர்கள் என்றார். கோயில் வளவில், நாலு மாமரத்துக்குக் கீழே என்றேன். உடனே பேனையை எடுத்தார்.

நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நாலு. நான் வெளிக்கிடும்போது மூன்று. ஒன்றில் ஷெல் விழுந்தது. அதை அவர் கேட்கவில்லை. நான் சொல்லப் போனபோது, கேட்டதற்கு மட்டும் பதில் என்றார். அந்த ஒரு மரத்தால் என் வழக்கு எத்தனை வருடம் இழுபட்டது என்பதை முன்பே எழுதிவிட்டேன். இன்றைக்கும் அந்த மனிதரைத் திட்டாமல் எனக்கு ஒரு வருடம் முடிவதில்லை.

ஜெசி சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் நல்லதுக்குத்தானே கேட்கிறேன் என்று என்னையே சமாதானப்படுத்தினேன். அந்த அதிகாரியும் வீட்டுக்குப் போய் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

மூன்றாவது சந்திப்பு

மறுபடி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

சோறும் மீனும் என்ற பதிலுக்குப் பிறகு இன்னும் ஐந்தாறு கேள்வி கேட்டேன். கோயில் எவ்வளவு தூரம், பட்டறையில் எத்தனை பேர், ரீற்றாவின் பிறந்தநாள் என்ன மாதம். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு, இடப்பக்கம், பிறகு பதில். கண்ணை உற்றுப் பார்த்தேன். அது சும்மா போய் நிற்கவில்லை. இடமிருந்து வலமாக மெல்ல அசைந்தது. தொழில்முறையாகச் சொல்கிறேன், அது வாசிக்கும் கண்.

"பக்கத்தில ஆர் நிக்கிறது?" என்றேன்.

அன்ரனின் கண் மறுபடி இடப்பக்கம் போனது. பிறகு அன்ரனுடைய தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம் எட்டிப் பார்த்தது. "நான் கில்பேட் அண்ணை, அன்ரன்ர ஊர்தான். ஒரே பட்டறை." அவனுடைய கையில் இன்னொரு கைபேசி இருந்தது. அதன் வெளிச்சம் அன்ரனின் கன்னத்தில் அடித்தது.

அவ்வளவுதான். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. பதிலை எழுதிக் காட்ட ஒருவன், வாசிக்க ஒருவன். கேள்வி கேட்டுக் குடும்பத்தையே கூட்டி வைத்துக்கொண்டிருக்கும் நான் விசரன். ஏன் எப்போதும் அந்தச் சத்தத்துக்குள் நின்று எடுக்கிறான்? தடுமாறினால் சத்தத்தின் மேல் பழி போடலாம். எல்லாம் பொருந்தியது.

"எழுதிக் குடுக்க வாசிக்கிறாய் என்னடா?" என்று கத்தினேன். ஜெசி அடுப்பை நிறுத்தினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை.

"நாற்பத்தொரு வயசுப் பொம்பிளையை ஆரடா விரும்பிக் கேக்கிறது? அவளில என்ன கிடக்கு, அந்த விசாவைத் தவிர?"

கில்பேட்டின் விரல் கைபேசி மேல் அப்படியே நின்றது. அன்ரன் இன்னும் சிரித்துக்கொண்டு, அவனைப் பார்த்தபடி இருந்தார். அடுத்த கேள்விக்குக் காத்திருப்பவர் போல. எவ்வளவு வெட்கம் கெட்டவன், திட்டியும் சிரிக்கிறானே என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. இணைப்பை நான்தான் துண்டித்தேன்.

ரீற்றா எழும்பினாள். கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு மேலே போனாள்.

கில்பேட் சொன்னது

மறுநாள் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது போன் வந்தது. தெரியாத இலக்கம். கில்பேட்.

"அண்ணை, கோவிக்காமல் கேளுங்கோ. அவனுக்குக் காது கேக்காது."

"என்ன?"

"ரெண்டு காதும். கப்பலின்ர அடித் தாங்கிக்குள்ள இறங்கித் துருத் தட்டுறது எங்கட வேலை. இரும்புப் பெட்டிக்குள்ள இருந்து இரும்பில அடிக்கிறது. முதல் வந்த காலத்தில காதுக்கு ஒண்டும் போடாமல் செய்தவன். கொஞ்சம் கொஞ்சமாப் போய், இப்ப மூண்டு வருசமா ஒண்டுமே இல்லை. தாய்க்குக் கூடச் சொல்லேல்லை. மனுசி தாங்காது எண்டு."

"அப்ப நீர் எழுதிக் காட்டினது?"

"பதிலை இல்லை அண்ணை. உங்கட கேள்வியை."

கோயில் வாசலில் ஆட்கள் கை கொடுத்துக்கொண்டு போனார்கள். யாருக்குக் கை கொடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

"ஏன் அந்தச் சத்தத்துக்குள்ள நிண்டு எடுக்கிறது?" என்று கேட்டேன். பாருங்கள், அப்போதும் கேள்விதான்.

"அங்க நிண்டால் எல்லாரும் கத்தத்தானே வேணும். அவன் கத்தினாலும் ஒருத்தரும் கண்டுபிடியாங்கள். அது அவன்ர யோசனை. கலியாண நாள் வைச்ச பிறகு உங்களுக்குச் சொல்லுறது எண்டு இருந்தவை. ரீற்றா அக்காவுக்குப் பழகத் தொடங்கின முதல் கிழமையே எழுதிப்போட்டான்."

வீட்டுக்கு வந்து, யொங்டோவைப் பற்றிய அந்த நீண்ட பக்கத்தை மறுபடி எடுத்தேன். சுத்தியல் சத்தத்தைப் பற்றிய பந்திக்குக் கீழேயே இருந்தது: அந்தத் தொழில் செய்த பெண்கள் பலருக்கு வயதானபோது காது போய்விட்டது என்று. நான் அதைத் தாண்டிப் போய்ப் படிக்கட்டு எண்ணியிருக்கிறேன். இருபது வருடமாகக் கீறல் தேடுகிறேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆள்!

அன்றைக்கே அன்ரனுக்கு எழுதினேன். பதிலை யாரோ எழுதித் தருகிறார்கள் என்று நினைத்துவிட்டேன், கத்திவிட்டேன், மன்னித்துக்கொள்ளும் தம்பி, என்று. மூன்று தரம் அழித்து எழுதினேன். அவருடைய பதில் அரை மணித்தியாலத்தில் வந்தது. 'பரவாயில்லை அண்ணை. நானும் ஒளித்தவன்தானே. தங்கச்சிக்காக இவ்வளவு பார்க்கிற அண்ணன் இருக்கிறது நல்லது. எனக்கு சுவிஸ்தான் வேண்டும் என்று இல்லை, ரீற்றா எங்கே சொன்னாலும் சரி. கலியாணத்துக்கு நீங்கள்தான் முன்னுக்கு நிற்க வேண்டும்.'

வாசித்துவிட்டு அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம், அழுதேன். இப்படி ஒரு மனிதர் என் தங்கச்சிக்குக் கிடைத்திருக்கிறார், நான் குழப்பப் பார்த்தேன், அப்படியும் குழம்பவில்லை என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

சலவை அறை

எங்கள் கட்டடத்தில் ரீற்றாவுக்குச் சலவை முறை செவ்வாய்க்கிழமை பின்னேரம். நான் கீழே இறங்கிப் போனேன். இயந்திரத்தில் இருந்து கட்டில் விரிப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். சூடான சவர்க்கார வாசம். விரிப்பின் மறு முனையை நான் பிடித்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"எனக்கேன் நீ முதலே சொல்லேல்லை?" என்றேன்.

"சொன்னால் என்ன சொல்லியிருப்பியள்? செவிடனோ எண்டு கேட்டிருப்பியள்." அவள் விரிப்பை உதறினாள். "நான் வேலை செய்யிற இடத்தில பாதிச் சனத்துக்குக் காது கேக்காது அண்ணா. விடிஞ்சால் பொழுதுபட்டால் அவையளோடதான் என்ர சீவியம். எனக்கு அது ஒரு குறையோ?"

"இல்லைதான். நான் அவருக்கு எழுதினன்."

"தெரியும். ரெண்டையும் எனக்கு அனுப்பினவர். நீங்கள் எழுதினதையும், தான் எழுதினதையும்."

நீளவாக்கில் மடித்தோம். முனைகள் சேர்ந்தன.

"அப்ப நாளைக் குறிப்பமே?" என்றேன் உற்சாகமாக.

"குறிச்சாச்சு. ஒக்ரோபரில. யொங்டோவில அவர் போற கோயிலிலதான். சாமியாரோட கதைச்சாச்சு, ரிக்கெற்றும் எடுத்திட்டன். பிறகு எங்க இருக்கிறது எண்டதை நாங்கள் ரெண்டு பேரும் யோசிப்பம்."

"நல்லது, நல்லது! ஜெசிக்கும் எனக்கும் லீவு கேக்க வேணும். அந்தப் படிக்கட்டுகளை நேரில பாக்கலாம். நான் முன்னுக்கு நிக்க வேணும் எண்டு அவரே எழுதியிருக்கிறார்."

ரீற்றா என் கையில் இருந்த முனைகளை மெல்ல வாங்கி, தன் முனைகளோடு சேர்த்தாள். விரிப்பைக் கூடைக்குள் வைத்தாள்.

"ஜெசி அண்ணி வரட்டும். நீங்கள் வரவேண்டாம்."

"ஏனடி? அவரே மன்னிச்சிட்டாரே!"

"அண்டைக்கு நீங்கள் கடைசியாச் சொன்னதைக் கில்பேட் அவருக்கு எழுதிக் காட்டேல்லை. நீங்களும் அதை எழுதேல்லை." கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "அவருக்கு அது கேக்கேல்லை அண்ணா. எனக்குக் கேட்டது."